மகளுக்கு எது வரும்? அல்சூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பி.யு.சி. இரண்டாம் ஆண்டில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், பி.சி.எம்.சி. என்ற இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் படிக்கிறாள். முதல் ஆண்டில் கணிதத்தில் 88, கணினியில் 91, வேதியியலில் 70, இயற்பியலில் 61 வாங்கியிருக்கிறாள். எப்படியாவது, மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது, கம்ப்யூட்டர் சயன்ஸ் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடச் சொல்கிறார் தாய்மாமன். மகளைக் கேட்டால், "எனக்கு எது வரும் என்றே தெரியவில்லை அப்பா" என்கிறாள். மாலையில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் பாடம் சொல்லித்தருகிறாள். அம்மா பிடிக்கும் சீட்டின் கணக்கு நோட்டும் அவள் கையில்தான் இருக்கிறது. விரல் ரேகையை வைத்துப் பிள்ளையின் பலத்தைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். அதைச் செய்யலாமா, வேண்டாமென்றால் அவளுடைய பலத்தை எப்படித் தெரிந்துகொண்டு படிப்பைத் தேர்வது என்பதுதான் கேள்வி.

ரேகை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். விரல் ரேகைகள் தாயின் வயிற்றில் மூன்றாம், நான்காம் மாதங்களிலேயே உருவாகிவிடுகின்றன. அவற்றின் சுழியையும் வளைவையும் பார்த்து ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா, பேச்சு வருமா என்று சொல்ல முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. வண்ணப் படங்களோடு அச்சடித்துக் கொடுப்பதால் ஜோசியம் பரிசோதனை ஆகிவிடாது. அப்படிப்பட்ட அறிக்கைகளை மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் மகளை ஒரு நாள் மைசூருக்கு அழைத்துப் போய்வாருங்கள். ஏன் மைசூர் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஊரில் பி.யு. வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பிக்கிறேன். சேர்க்கைக் காலம் வந்தால் தமிழ்க் குடும்பங்கள் மதிப்பெண் பட்டியலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பாடத்தின் பெயரில் பலத்தைத் தேடாதீர்கள். அந்தப் பாடத்துக்குள் பிள்ளை எந்த வேலையை நன்றாகச் செய்கிறது என்று பாருங்கள்.

கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். என் வகுப்பில் 88 வாங்கிய மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால், மூன்று பேருக்கும் மூன்று வேறு தலை. முதல் மாணவி வேகமானவள். ஒரு கூட்டல் பிசகாது. பழகிய கணக்கு வந்தால் பேனா நிற்காது, பழகாதது வந்தால் அசையாது. இரண்டாவது மாணவன் பாதிக் கணக்கை முடிக்காமலே விட்டுவிடுவான். ஆனால் "இந்தச் சூத்திரம் ஏன் எப்போதும் சரியாக வருகிறது?" என்று இடைவேளையில் வந்து கேட்பவன் அவன்தான். மூன்றாவது பையனுக்கு எதையும் படமாகப் போட்டுவிட வேண்டும். வெக்டர், வடிவியல், வரைபடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். நீளமான இயற்கணிதம் என்றால் முகம் சுருங்கிவிடும்.

இந்த மூவரையும் "கணக்கில் கெட்டி" என்ற ஒரே சொல்லில் அடக்கி ஒரே கல்லூரி வாசலுக்கு அனுப்புகிறோம். முதல் மாணவியின் பலத்துக்குக் கணக்கியல், தணிக்கை, வரி, வங்கி எல்லாமே இடம் தரும். சி.ஏ. படிப்பில் இப்போது கட்டாயப் பயிற்சிக் காலமும் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. இரண்டாமவனுக்கு நம் மைசூர் சாலையிலேயே இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே கணிதத்துக்கென்றே பி.மேத். என்ற இளநிலைப் படிப்பு உண்டு. அதன் நுழைவுத் தேர்வில் ஒரு தாள் முழுக்க காரணத்தையும் நிரூபணத்தையும் விரித்து எழுதிக் காட்டச் சொல்லும். நான்கு விடைகளில் ஒன்றைச் சட்டென்று தொடுவதற்கே பழக்கப்பட்ட கோச்சிங் வகுப்புப் பிள்ளைகள் பலர் அங்கே திணறுவார்கள். மூன்றாமவன் சிவில், கட்டடக்கலை, இயந்திர வடிவமைப்பு என்று போகலாம். கட்டடக்கலைக்கு நாட்டா என்ற நுழைவுத் தேர்வை எழுதலாம். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ராஜாஜி நகரிலுள்ள அரசு கருவி அறை பயிற்சி மையத்தில் டூல் அண்டு டை மேக்கிங், அதாவது கருவியும் அச்சும் செய்யும் டிப்ளமோவில் சேர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். உலோகத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பற்றி அவர்கள் பேசும்போது கேட்க வேண்டும்; அந்தப் பேச்சில் இருக்கும் கணிதம் என் வகுப்பில் கிடையாது. "டிப்ளமோதானே" என்று முகம் சுளிக்கும் உறவினர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. சிவாஜி நகர் பஸ் நிலையத்தில் எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் கூட்டம் அதிகம் என்று எண்ணி வரும்படி ஒரு முறை மாணவர்களைக் குழுக் குழுவாக அனுப்பினேன். ஒரு குழுவில் ஒரு பையன் வெயிலில் அசையாமல் நின்று கோடு போட்டு எண்ணினான். கூட இருந்த பெண், நேரக் காப்பாளரிடம் கன்னடத்தில் நயமாகப் பேசி, அவருடைய பதிவேட்டையே பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டாள். மூன்றாமவன் இரண்டையும் ஒப்பிட்டு, "சார், ஒரே பஸ்ஸை இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம். உள்ளே திரும்பி வந்து நின்றதைப் புது பஸ் என்று நினைத்துவிட்டோம்" என்றான். பொறுமை, பேச்சு, பிழையைப் பிடிக்கும் கண் என மூன்று வேறு பலங்கள். பள்ளிக்கூட முறைப்படி மூவருக்கும் நான் போட்டது ஒரே மதிப்பெண். மதிப்பெண் பட்டியல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இனி உங்கள் மகளின் எண்களுக்கு வருகிறேன். கர்நாடகத்தில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. செய்முறை இல்லாத பாடங்களுக்கு எழுத்து 80, அக மதிப்பீடு 20. செய்முறையிலும் அக மதிப்பீட்டிலும் கல்லூரிகள் அநேகமாகத் தாராளமாகவே போடும். அப்படியானால் இயற்பியலில் 61 என்பது எழுத்துத் தேர்வில் 70-க்கு முப்பதை ஒட்டித்தான் இருக்கும். கணிதத்தில் 88 என்பது 80-க்கு எழுபதை நெருங்கியிருக்கும். மொத்தத்தில் தெரியும் இடைவெளியைவிட உண்மையான இடைவெளி பெரிது. பட்டியலைப் பிரித்து வாங்கிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் இன்ஜினியரிங்குக்குப் போகும் வழியில் இது எங்கே இடிக்கும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் ரேங்க், பி.யு.சி. மதிப்பெண்ணில் பாதியும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் பாதியும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. இரண்டிலும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும்தான் உண்டு. அவள் மிக நன்றாகச் செய்யும் கணினிப் பாடத்தின் 91 அந்தக் கணக்கில் நுழையவே நுழையாது! இயற்பியலோ இரண்டு பக்கமும் இழுக்கும். தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்வில் அந்தத் தேர்வு மதிப்பெண் மட்டுமே ரேங்க்கைத் தீர்மானிக்கும் என்றாலும் அங்கேயும் இயற்பியல் மூன்றில் ஒரு பங்கு. உள்ளே போன பிறகு கணினிப் பிரிவில் இயற்பியல் முதல் ஆண்டோடு அநேகமாக விடைபெற்றுவிடும். அதாவது இயற்பியல் அவளுக்கு வாசலில் கேட்கும் சுங்கம்தான், அந்தத் தொழிலின் தேவை அன்று. அந்தச் சுங்கம் கேட்காத வாசல்களும் இருக்கின்றன. பி.சி.ஏ. மூன்று ஆண்டு. அதன் மேல் எம்.சி.ஏ. 2020 முதல் இரண்டே ஆண்டு. கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த பி.எஸ்சி. இன்னொரு வழி. கர்நாடகத்தில் இடையில் நான்காண்டாக இருந்த பட்டப்படிப்பை 2024-இல் மறுபடி மூன்றாண்டாக்கிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தாய்மாமன் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களையெல்லாம் மென்பொருள் நிறுவனங்கள் வரிசையில் நிற்கவைத்து எடுத்துக்கொண்ட ஊர் இது. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் பார்த்ததிலிருந்தே வேறொரு முடிவுக்கும் வரலாம். எந்தப் பிரிவில் படித்தவரையும் எடுத்தார்கள் என்றால், பிரிவின் பெயருக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை என்றுதானே அர்த்தம்? அதிலும் மேனேஜ்மென்ட் கோட்டா என்பது, அந்தப் படிப்பு அவளுக்குப் பொருந்துமா என்று தெரிவதற்கு முன்பே கட்டிவிடும் பணம். ரூ.7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. அதனால் கடன் வாங்குவது சுலபமாகத் தோன்றும். கடன் தவணை இருக்கிறதே என்பதற்காகவே பொருந்தாத வேலையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இந்த ஊரில் ஏராளம். என் கருத்தைக் கேட்டால், கோட்டாப் பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

"எனக்கு எது வரும் என்றே தெரியவில்லை" என்ற அவளுடைய வார்த்தைக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். கணிதத்தில் 88 வாங்கிய பெண் ஏன் அப்படிச் சொல்கிறாள்?

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர் 1980-களில் ஒன்றை விளக்கினார். பிள்ளைகள் தங்கள் திறமையை இரண்டு விதமாக அளக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிடுவது ஒன்று. தன்னுடைய ஒரு பாடத்தைத் தன்னுடைய இன்னொரு பாடத்தோடு ஒப்பிடுவது மற்றொன்று. முதல் ஒப்பீட்டால், கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இருக்கும் நல்ல மாணவி தன்னைச் சுமார் என்று நினைத்துக்கொள்கிறாள். அதே மாணவி சாதாரணக் கல்லூரியில் இருந்தால் தலைநிமிர்ந்து நடப்பாள். பெங்களூருவில் இது மிகப் பெரிய விஷயம். இங்கே கட்-ஆஃப் பார்த்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் கல்லூரிகள் உண்டு; 95 வாங்கியவன் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஒப்பீடு இன்னும் நுட்பமானது. கணினியில் 91 இருப்பதாலேயே கணிதத்தின் 88 அவளுக்குக் குறையாகத் தெரியலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நான்சி பெட்ஸ், கெயில் ஹேக்கெட் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்து 1981-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆண்கள் அதிகம் உள்ள தொழில்களுக்கான படிப்பைத் தங்களால் முடிக்க முடியும் என்ற நம்பிக்கை மாணவிகளுக்குக் குறைவாக இருந்தது. திறமைத் தேர்வு மதிப்பெண்களில் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் அப்படி வேறுபாடு இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் வகுப்பில் அதையே பார்க்கிறேன். 70 வாங்கிய பையன் "ஜமாய்த்துவிடலாம் சார்" என்பான். 88 வாங்கிய பெண் "எனக்கு வருமா சார்?" என்பாள். எனவே உங்கள் மகள் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அவள் செய்வதைப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? அவளிடம் ஏற்கெனவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. எவரும் மதிப்பெண் போடாத வேலைகள் என்பதால் அவைதான் நம்பத் தகுந்தவை.

சீட்டு நோட்டை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அம்மா பழைய பாணியில் எழுதியதை அப்படியே சுத்தமாகத் தொடர்ந்து எழுதுகிறாளா, அல்லது கட்டம் போட்டு யார் எத்தனை தவணை பாக்கி என்று ஒரே பார்வையில் தெரியும்படி மாற்றியிருக்கிறாளா? மாதக் கடைசியில் முந்நூறு ரூபாய் இடித்தால் என்ன செய்கிறாள்? "எங்கேயோ விட்டுப்போயிருக்கும், நானே போட்டுவிடுகிறேன்" என்று அம்மா சொன்னாலும் அது எங்கே போனது என்று தெரியும்வரை தூங்காமல் இருக்கிறாளா? தூங்காமல் இருந்தால் தணிக்கைக்கும், தரவுப் பணிக்கும், மென்பொருளில் பிழை தேடும் பணிக்கும் வேண்டிய முக்கியமான குணம் அவளிடம் இருக்கிறது. நோட்டையே மாற்றி அமைத்திருந்தால் அது வேறு பலம். ஒரு வேலை எப்படி நடக்க வேண்டும் என்று வகுத்துத் தருகிறவர்களின் பலம் அது. இரண்டும் ஒருவரிடமே இருப்பது அபூர்வம்.

பாடம் சொல்லித்தரும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பின்னக் கணக்கு புரியவில்லை என்றால் சொன்னதையே குரலை உயர்த்திச் சொல்கிறாளா, அல்லது வேறு வழியில் சொல்கிறாளா? அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்று அவளால் சொல்ல முடிகிறதா? நல்ல ஆசிரியருக்கு அடையாளம் என்று நான் நினைப்பது இதைத்தான். விடை தப்பு என்று யாரும் சொல்லிவிடலாம். எந்தப் படியில், எந்தத் தவறான எண்ணத்தால் தப்பானது என்று சொல்வதற்குத் தனிக் கண் வேண்டும். அது இருக்கிறது என்று தெரிந்தால் மைசூர்ப் பயணத்துக்கு நாள் குறியுங்கள். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் அங்கே இருக்கிறது. பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டுப் படிப்புக்குப் பேர்போன இடம் அது. தென் மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். தேசிய அளவில் நுழைவுத் தேர்வு உண்டு. வளாகத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்து, அங்கே படிக்கும் இரண்டு மாணவிகளோடு அவளைப் பேசவிட்டால், பத்து ஆலோசனைக் கூட்டங்களில் கிடைக்காதது கிடைக்கும். "வாத்தியார் வேலையா?" என்று தாய்மாமன் கேட்பார். வாத்தியார் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளம் மென்பொருளோடு போட்டி போடாது. அதை மறைக்காமல் அவளிடமும் சொல்லிவிடுங்கள். ஆனால் விளக்கிச் சொல்லும் பலம் பள்ளிக்கூடத்தில் மட்டும் செல்லுபடியாவது இல்லை. நிறுவனங்களில் புதியவர்களுக்குப் பயிற்சி தருவதும், மென்பொருளை வாங்கியவருக்குப் புரியவைப்பதும், பயன்பாட்டுக் குறிப்புகள் எழுதுவதும் அதே பலத்தைக் கேட்கும் வேலைகள்தான்.

பலம் இருப்பது வேறு, பிடித்திருப்பது வேறு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்து, இன்றும் பெரும்பாலான தொழில் ஆர்வச் சோதனைகளுக்கு அடிப்படையாக இருக்கும் ஆறு வகைப் பிரிவு ஒன்று உண்டு. கையால் செய்வது, ஆராய்வது, கலையாகப் படைப்பது, மனிதர்களுக்கு உதவுவது, பிறரை இயக்கித் தொழில் நடத்துவது, ஒழுங்காகப் பதிவும் கணக்கும் வைப்பது. உங்கள் கேள்வியிலிருந்து பார்த்தால் அவள் நான்காவதிலும் ஆறாவதிலும் நிற்கிறாள். இந்தச் சோதனை விரல் ரேகை மாதிரி ஏமாற்று இல்லை; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, செய்து பார்க்கட்டும். ஆனால் அது ஆர்வத்தை அளக்கிறது, திறமையை அளப்பதில்லை. கிரிக்கெட் பிடிக்கும் என்பதும் பந்து போட வரும் என்பதும் ஒன்றா? பதினேழு வயதில் பிடிக்கும் என்று சொல்வது பெரும்பாலும் பார்த்த வேலைகளிலிருந்துதான் வரும். அல்சூரில் ஒரு பெண் ஆக்சுவரியைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. காப்பீட்டு நிறுவனங்களில் ஆபத்தைக் கணக்கிடும் அந்தத் தொழிலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களே நுழைவுத் தேர்வு எழுதலாம் என்பது என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதனால் வேலைகளைக் கிட்டத்தில் பார்க்கட்டும். உங்கள் தெருவிலேயே மென்பொருள்காரர், வங்கிக்காரர், நர்ஸ், பள்ளி ஆசிரியை என எல்லோரும் இருப்பார்கள். "வேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். "நேற்றுக் காலை பத்து மணியிலிருந்து மாலைவரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மென்பொருள் பொறியாளர் ஒருவர் என் மாணவிக்குச் சொன்ன பதில் இது: காலையில் குழுக் கூட்டம், அதன் பிறகு வேறொருவர் எழுதிய நிரல் ஏன் உடைகிறது என்று உணவு வேளைவரை படித்தது, பிற்பகலில் வாடிக்கையாளரோடு நீண்ட பேச்சு, மிச்ச நேரத்தில் இரண்டு வரி நிரல். அந்தப் பெண் ஏமாந்துபோனாள். இன்னொரு பெண்ணுக்கு அதே பதில் ஆசையை ஊட்டியிருக்கும். பிறர் செய்த பிழையைத் தேடுவதில் சுகம் காண்பவளுக்கு அது சொர்க்கம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பிறருக்கு உதவப் பிடிக்கும் என்றவுடன் "மனவியல் படிக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் இருக்கும் ஊர் என்பதால் இங்கே அந்த ஆசை அதிகம். நல்ல படிப்புதான். ஆனால் இளநிலைப் பட்டத்தோடு மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது, மேற்படிப்பும் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும். அவ்வளவு காலம் படிக்கக் குடும்பம் தாங்குமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் பக்கம் இப்போதைய காம்பினேஷனில் வழியில்லை, உயிரியல் எடுக்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தமிழ்க் குடும்பங்கள் கணக்கிலேயே சேர்க்காத ஒரு பலம் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், கடைத்தெருவில் தெலுங்கும் உருதும். அல்சூரில் வளர்ந்த பிள்ளைக்கு இது சாதாரணம். வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும், இது எவ்வளவு பெரிய வசதி என்று. மருத்துவமனை நிர்வாகம், வங்கிக் கிளை, கள ஆய்வு, பயிற்சிப் பணி ஆகியவற்றில் நாலு மொழியில் நாலு விதமான ஆட்களிடம் பேசத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். கர்நாடக அரசுப் பணித் தேர்வுகளில் கன்னடம் கட்டாயம். பேசத் தெரிந்தால் போதாது, பிழையில்லாமல் எழுதவும் வேண்டும். சில வீடுகளில் கன்னடத்தைப் "பாஸ் ஆனால் போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். கையில் இருப்பதை எறிவது அது.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று சொல்லி அவளை அவசரப்படுத்தாதீர்கள். நான் பார்த்தவரையில் பல பயிர்கள் முளையில் தெரிவதில்லை. பலம் செய்யச் செய்யத்தான் வளர்கிறது. முதல் ஆண்டு பட்டப்படிப்பில்தான் தங்களுக்கு எது வரும் என்று கண்டுபிடித்த பிள்ளைகள் அதிகம். அதனால் ஒரே வேலைக்கு மட்டும் கொண்டுபோய் விடும் படிப்பைவிட, கணக்கு வைப்பது, சொல்லித்தருவது என்ற அவளுடைய இரண்டு பலத்தையும் பயன்படுத்திக்கொண்டு பின்னால் திரும்பவும் இடம் தரும் படிப்பே மேல். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் தேர்வு கணிதம், புள்ளியியல், கணினி சேர்ந்த பி.எஸ்சி. அங்கிருந்து தரவு ஆய்வு, எம்.சி.ஏ., எம்.எஸ்சி. புள்ளியியல், ஆக்சுவரித் தேர்வுகள், பி.எட்., வங்கித் தேர்வு என எந்தப் பக்கமும் போகலாம். அதற்கு அடுத்தது மைசூர். பொறியியல் மூன்றாவது, அதுவும் அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால் மட்டும். சீட்டு நோட்டைப் பார்த்த பிறகு இந்த வரிசையை நீங்களே மாற்ற வேண்டியிருக்கலாம்.

எதுவானாலும் சி.இ.டி. எழுதட்டும், எழுதுவதால் நஷ்டம் இல்லை. கர்நாடகத்தில் ஏழு ஆண்டுகள் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். வாடகை வீடு மாறி மாறிப் பள்ளியும் மாறிய குடும்பங்கள் கடைசி நேரத்தில் அலைவது இதற்குத்தான். ரேங்க் வந்ததும் விருப்பப் பட்டியல் நிரப்பச் சொல்வார்கள். "கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்று எல்லோரும் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். மேலிருந்து கீழாகத்தான் பார்த்து ஒதுக்குகிறார்கள். ஆகவே உண்மையில் எது வேண்டுமோ அதையே முதலில் போட வேண்டும். மேலே போட்டது கிடைக்காததால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. மாறாக, சும்மா இருக்கட்டும் என்று போட்ட ஒரு கல்லூரி ஒதுக்கப்பட்டுவிட்டால் அதற்குக் கீழே உள்ள எதுவும் வராது. போக விரும்பாத கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். ஒதுக்கீடு வந்த பிறகு நான்கு வாய்ப்புகள் தருவார்கள். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கலாம் என்பது இரண்டாவது. பி.எஸ்சி. கல்லூரிகளின் சேர்க்கை பல சமயம் அதற்குள் முடிந்துவிடும் என்பதால், அங்கே ஒரு இடத்தைக் கட்டணம் கட்டிப் பிடித்துவைத்துக்கொண்டு, சேராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.